பந்தியில துண்டு போட்ட ஃபைல்

மக்கா, அந்த மவுசு ஒனக்கு என்னடே துரோகம் செஞ்சுது? திரையில வட்டம் சுத்துதுன்னா சுத்தட்டும். நீ அதைப் புடிச்சு மேசையில டக்கு டக்குன்னு தட்டினா, மூலையில இருக்க நாஸ் பெட்டிக்கு வலிக்கவா போவுது? பத்து தரம் கிளிக் பண்ணினா பத்து கேள்வி வரிசையில போய் நிக்கும். மொதக் கேள்விக்கே பதிலைக் காணல்ல, பத்தாவது கேள்விக்கு மட்டும் ஓடிவந்து சொல்லுமாக்கும்!

வடசேரியில கல்யாண ஆல்பம் ஸ்டுடியோன்னு போர்டு வச்சாச்சு. நாலு கம்ப்யூட்டரு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா ஃபைலு வைக்க ஒரு நாஸ் பெட்டி, ஆயுத பூசைக்கு அதுக்குச் சந்தனம் குங்குமம். கொள்ளாம். ஆனா லைன் போனா அந்தப் பெட்டி என்ன செய்யும், ஒன் கம்ப்யூட்டரு என்ன செய்யும்னு கேட்டா முழிக்கே. சிஸ்டம்காரனுக்கு போனைப் போடுகே. அவன் "ரீஸ்டார்ட் பண்ணுங்க அண்ணே"ங்கான். மூணு வார்த்தைக்கு ஐநூறு ரூபா. நான் ஒரு சாயாவுக்குச் சொல்லித்தாறேன், உக்காரு. கூட ஒரு பழபஜ்ஜியும் சொல்லிவிடு, வெறுஞ்சாயா குடிச்சா எனக்கு டெக்னாலஜி வராது.

பாட்டாவுக்கு என்ன தெரியும்னு நெனைக்கே. செரிதான், நான் வாழைக்கு முட்டுக் குடுத்த ஆளு. ஆனா ரிட்டயர் ஆவது வரைக்கும் ஒரு எஞ்சினீயரிங் காலேஜில கம்ப்யூட்டர் லேபு அட்டெண்டர். செருப்பை வெளிய போடச் சொல்லது, ஏசித் தண்ணியைக் கோரி ஊத்தது, தாக்கோலைப் பத்திரமா வச்சுக்கிடது. இதுக்கு எடையில எம்.ஈ. படிச்சவனுவ பேசுகதைக் காதுல வாங்கது. படிச்சவன் பரீட்சை முடிஞ்சதும் மறந்துட்டுப் போயிருவான். தூத்துவாருகவனுக்குப் பரீட்சையே கெடையாது, அவன் எதுக்கு மறக்கணும்?

அங்க சன் கம்பெனி மெஷினுவ நெரந்து இருந்துது. பிள்ளையளுக்க ஃபைலு ஒண்ணும் அந்த மெஷினுக்குள்ள கெடையாது, எல்லாம் உள்ளறையில ஒரு சர்வர்ல. திடீர்னு ஒரு நாளு எல்லாத் திரையிலயும் ஒரே வரி வரும்: 'என்எஃப்எஸ் சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்.' சர்வரு பதிலு சொல்லல்ல, நான் விடாம கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். பிள்ளையளு தலையில கைய வச்சுக்கிட்டு கேன்டீனுக்குப் போவும். உள்ள யாராவது சர்வரைத் தட்டி எழுப்புவாவ. பொறவு 'சர்வர் ஓகே'ன்னு ஒரு வரி. விட்ட எழுத்துல இருந்து புரோகிராமு ஓடும், ஒரு புள்ளி கொறையாது. இவ்வளவு யோக்கியமான ஒரு வரியை இந்தக் காலத்து சாஃப்ட்வேர் எவனும் எழுதமாட்டான். ஒன் விண்டோஸைப் பாரு, 'ஸ்பெசிஃபைடு நெட்வொர்க் நேம் இஸ் நோ லாங்கர் அவைலபிள்'ங்கு. நேத்துவரை பேரு சொல்லிக் கூப்பிட்ட பெட்டிக்கு இன்னைக்குப் பேரே இல்லாம போச்சாம்!

செரி, விசயத்துக்கு வாறேன். நீ ஒரு கேள்வி அனுப்புகே, பதிலு வரல்ல. என்ன நடந்திருக்கும்? கேள்வியே போய்ச் சேரல்லியா இருக்கும். போய்ச் சேந்து, சர்வரு வேலைத் தெரக்குல கெடக்கா இருக்கும். இல்லேன்னா சொன்ன வேலையை முடிச்சுட்டு, 'முடிச்சாச்சு'ன்னு அது சொன்ன பதிலு வழியில காணாமப் போயிருக்கும். இந்த மூணுல எதுன்னு ஒன் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கிட வழியும் கெடையாது. டைம்அவுட்டுன்னு பெரிய வார்த்தையாச் சொல்லுகானுவளே, அது தகவல் ஒண்ணும் இல்லலே. ஒனக்குப் பொறுமை தீந்துபோச்சுங்கது மட்டும்தான் அதுக்குள்ள இருக்க செய்தி. அங்க என்ன ஆச்சுன்னு அதுல ஒரு எழுத்துகூட இல்ல.

ஒரு சின்னக் கூத்து சொல்லுகேன். நீ ஒரு ஃபைலை அழிக்கச் சொல்லுகே. சர்வரு அழிச்சாச்சு, பதிலு வழியில தொலைஞ்சுது. ஒன் கம்ப்யூட்டரு கொஞ்ச நேரம் பாத்துட்டு அதே கேள்வியைத் திருப்பி அனுப்பும். சர்வரு தேடிப் பாத்துட்டு 'அப்படி ஒரு ஃபைலே இல்லியே'ங்கும். நீ சொன்ன வேலை செவ்வையா நடந்துருக்கு, ஒன் திரையில மட்டும் எர்ரரு! இதுக்காவவே சர்வரு பக்கத்துல ஒரு சின்னக் கொறிப்பு வைக்க ஏற்பாடு வந்துது. சமீபத்துல வந்த கேள்வி இன்னது, அதுக்கு நான் சொன்ன பதிலு இன்னதுன்னு. அதே கேள்வி மறுபடி வந்தா வேலையை ரெண்டாவது தரம் செய்யாது, பழைய பதிலையே எடுத்துக் குடுக்கும்.

நெட்வொர்க் வழியா ஃபைலைப் பங்கு வைக்க இந்த என்எஃப்எஸ்ஸை சன் மைக்ரோசிஸ்டம்ஸ்காரன் 1985-ல வெளிய விட்டான். அவன் செஞ்ச புத்திசாலித்தனம் என்னன்னா, சர்வருக்கு ஓர்மையே வேண்டாம்னு வச்சான். யாரு எந்த ஃபைலைத் திறந்து வச்சிருக்கான், எதுவரை வாசிச்சான்னு சர்வரு எதையும் மனசுல வைக்காது. ஒவ்வொரு கேள்வியிலயும் எந்த ஃபைலு, எந்த எடத்துல இருந்து, எத்தனை எழுத்துன்னு முழுசாச் சொல்லியாவணும். அதனால சர்வரு விழுந்து எழும்பினாலும் ஒண்ணும் கெட்டுப்போவாது, மறக்கதுக்கு அதுகிட்ட என்ன இருக்கு? மொதல்ல இதெல்லாம் யூடிபியிலதான் ஓடிச்சு, அதுல தொலைஞ்சது தொலைஞ்சதுதான். தொலையும்னு தெரிஞ்சே கட்டினவன் அவன். அதே சன் கம்பெனியில இருந்த பீட்டர் டாய்ச்சுன்னு ஒருத்தரு 1994-ல, நெட்வொர்க் புரோகிராமு எழுதுகவன் ஏமாந்துபோற நெனப்புவளை ஒரு பட்டியலாப் போட்டாரு. பட்டியல்ல மொதல்ல இருக்கது, நெட்வொர்க்கை நம்பலாம்ங்க நெனப்பு.

இப்ப ஒன் தம்பி பண்ணின காரியத்துக்கு வாறேன். ராத்திரி பேக்கப் எடுக்கதுக்குன்னு ஒரு லினக்ஸ் மெஷினை வச்சிருக்கான்லா, அதுல நாஸ் பெட்டியை என்எஃப்எஸ் வழியா 'சாஃப்ட்'னு மவுண்ட் பண்ணியிருக்கான். கேட்டா, 'ஹார்டுன்னு போட்டா ஹேங் ஆவுது பாட்டா'ங்கான்.

ஹார்டுன்னா என்ன? சர்வரு பதிலு சொல்லது வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன், நாளைக்கு ஆனாலும் நாளைக்கழிஞ்சு ஆனாலும் செரி. புரோகிராமு அப்படியே நிக்கும். லினக்ஸ்ல சும்மா விட்டா இதுதான் வழக்கம். சாஃப்ட்டுன்னா ரெண்டொரு தரம் கேட்டுப் பாத்துட்டு, 'எழவு போட்டும்'னு எர்ரரு குடுத்துட்டுப் போயிரும். புரோகிராமு அந்த எர்ரரைக் கவனிச்சா தப்பிச்சே. கவனிக்கல்லன்னா? பாதி எழுதின ஃபைலை முழுசுன்னு நம்பிட்டு அடுத்த ஃபைலுக்குப் போவும். லினக்ஸ் கையேட்டிலயே எழுதி வச்சிருக்கான், சாஃப்ட் டைம்அவுட்டு சத்தம் காட்டாம டேட்டாவைக் கெடுக்கலாம்னு. கையேட்டை வாசிக்கதுக்கு நம்ம குடும்பத்துல ஆளு இல்ல, வாட்ஸ்அப்ல வந்தாத்தான் வாசிப்போம்.

அதோட நின்னானா அவன்? 'டைமோ'ன்னு ஒரு எண்ணு உண்டு. எவ்வளவு நேரம் காத்திருக்கணும்ங்கது. யூடிபிக்குப் பதிலா இப்ப ஓடுக டிசிபியில அது 600-ன்னு இருக்கும். ஒன் தம்பி 600-ஐக் கண்டதும் பத்து நிமிசம்னு வெப்ராளப்பட்டு, 10-ன்னு மாத்தி வச்சிருக்கான். பத்து விநாடி போதும்னு நெனப்பு. கோம்பையா, அந்த எண்ணு விநாடிக் கணக்கு இல்லலே! விநாடியில பத்துல ஒரு பங்கு. 600-ன்னா அறுபது விநாடி, பதிலு வராட்டி ஒவ்வொரு தரமும் இன்னும் அறுபது அறுபதாக் கூட்டிக்கிட்டுப் போவும். 10-ன்னா ஒரே விநாடி. ராத்திரி ஒறங்கிக்கிட்டு இருக்க நாஸ் பெட்டியில ஹார்டு டிஸ்கு சுத்த ஆரம்பிக்கவே பல விநாடி ஆவும். அது கண்ணைத் திறக்கதுக்குள்ள ஒன் பேக்கப் மெஷினு கேட்டு, மறுபடி கேட்டு, கைகழுவியாச்சு.

அதுக்க பலனை நான் கண்ணால பாத்தேன். பேக்கப்புல இருந்து ஒரு படத்தை எடுத்துத் திறந்தோம்லா, முகூர்த்தப் படம். மேல பாதி பளிச்சுன்னு இருக்கு, பந்தலு, பூ, அய்யரு தலை, பொண்ணுக்க முகம். கழுத்துக்குக் கீழ மொத்தமும் சாம்பல் கலரு. பாதியில நின்னுபோன ஜேபெக் அப்படித்தான் இருக்கும். மாப்பிள்ளை தாலி கட்டினதுக்கு சாட்சியே இல்ல. நாளைக்கு அவன் 'நான் கட்டவே இல்ல'ன்னு சொன்னா ஒன் படத்தை வச்சுத்தான் கேசு நடக்கும், தெரிஞ்சுக்கோ.

அதனால சொல்லுகேன். சும்மா பாக்கதுக்கு மட்டும், எழுதவே செய்யாத எடத்துக்கு, சாஃப்ட்டு போடணும்னா போட்டுக்கோ. எழுதுக எடத்துல ஹார்டு. ஹேங் ஆவுதா? ஆவட்டும். ஹேங் ஆவுகவன் உண்மையைச் சொல்லுகான், இன்னும் முடியல்லன்னு. அவனைக் கொல்லணும்னா ஒரு வழிதான் உண்டு. முன்னெல்லாம் 'இன்டர்'னு ஒரு ஆப்ஷன் போட்டா இடையில நிறுத்தலாம். 2008-ல வந்த 2.6.25 கெர்னல்ல இருந்து அதைப் போட்டாலும் கண்டுக்கிடாது. கில் மைனஸ் நைன் மட்டும்தான் அசைக்கும்.

இனி, லைனு ஏன் போவுதுன்னு பாக்கியா? இந்த ஜில்லாவுக்கு மழை ரெண்டு தரம், இடவப்பாதியும் உண்டு, துலா மழையும் உண்டு. இன்டர்நெட்டு கேபிளு கரண்டுக் கம்பத்து வழியாத் தொங்கிக்கிட்டு வருது, மேல தென்னைமரம். மட்டை விழுந்தா போச்சு. ஆனா அது வெளி லைனு, ஒன் நாஸ் பெட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. நாஸும் கம்ப்யூட்டரும் ஒரே கூரைக்குள்ள இருக்கு, நடுவுல கெடக்கது முப்பதடிக் கேபிளு. அந்த முப்பதடியில எப்படிடே லைன் போவும்? மேசைக்கு அடியில குனிஞ்சு பாரு. கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருக்கு. நாஸுக்கு இருக்கு. எல்லாத்தையும் சேத்துக் கட்டுக எட்டு ஓட்டை ஸ்விட்சு மட்டும் நேரா செவுத்துல. கரண்டு ஒரு கண்ணு சிமிட்டினா, கம்ப்யூட்டரு முழிச்சிருக்கு, நாஸு முழிச்சிருக்கு, நடுவுல உள்ளவன் செத்துப் பொழைக்கான். அவன் பச்சை லைட்டு மினுக்கிக்கிட்டு எழும்பி வரதுக்குள்ள நாலு ஆல்பம் தொங்கிப்போவுது. நாஸுக்குச் சந்தனம் வச்சியே, அந்தப் பாவப்பட்ட ஸ்விட்சுக்கு ஒரு யூபிஎஸ் ஓட்டை குடுக்கப்பிடாதா? எடுத்துக் கொளுத்துலே, இப்பவே.

இன்னொண்ணு. லைன் போனா ரெண்டு பக்கமும் உடனே தெரிஞ்சுரும்னு நெனைக்கே. தெரியாது. டிசிபியில பேச்சு ஒண்ணும் இல்லாம சும்மா இருக்கும்போது நடுவுல அறுந்தா, ரெண்டு பேரும் கனெக்சன் இருக்குன்னே நெனச்சுக்கிட்டு இருப்பாவ. 'இருக்கியா?'ன்னு கேட்டுப் பாக்க கீப்அலைவ் உண்டு. ஆனா லினக்ஸ்ல சும்மா விட்டா அது மொதல்ல கேக்கதுக்கே ரெண்டு மணிக்கூறு ஆவும். அதுக்குள்ள ஒரு சினிமா பாத்துட்டு வந்துரலாம். அதனாலதான் ஃபைல் ஷேரிங் சாஃப்ட்வேருவ தனக்குன்னு ஒரு கணக்கு வச்சிருக்கு. விண்டோஸ் மெஷினுவளுக்காவ ஒன் நாஸ் பெட்டிக்குள்ள ஓடுகது பெரும்பாலும் சாம்பாவா இருக்கும். நம்ம பாண்டி வயல்ல விளைஞ்ச சம்பா இல்ல. ஆஸ்திரேலியாவுல கான்பெராவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்னு ஒரு பயலு 1992-ல வெளியவிட்ட சாமானம், விண்டோஸுக்க எஸ்எம்பி பாசையைப் பேசும். அது சும்மா விட்டா 300 விநாடிக்கு ஒருதரம் கேட்டுப் பாக்கும். விண்டோஸ் சர்வரு, பதினஞ்சு நிமிசம் நீ சும்மா இருந்தா அதுவாவே அத்துவிட்டுரும். சாப்பிட்டுட்டு வந்து பாத்தா டிரைவுக்கு மேல சிவப்புப் பெருக்கல் குறி. பேடிக்காத. கிளிக் பண்ணினா மறுபடி கனெக்ட் ஆவும். அது எர்ரரு இல்ல, சோம்பேறித்தனம்.

இந்த எஸ்எம்பிக்கு ஓர்மை உண்டு, என்எஃப்எஸ் மாதிரி ஞானி இல்ல. அங்கதான் பாடு. இதை ஒனக்குச் சொல்லணும்னா கல்யாணப் பந்தியை வச்சுத்தான் சொல்லணும். படம் எடுக்கப் போன எடத்துல மொத பந்தியிலயே உக்காருகவன்லா நீ.

பந்தியில நீ எடம் புடிச்சு உக்காந்தாச்சு, ஃபைலைத் திறந்தாச்சுன்னு வச்சுக்கோ. பக்கத்துல ஆளு இல்ல. பந்தி விசாரிக்கவரு, 'ஒத்தைக்குத்தானே இருக்கே, பிரதமன் சட்டியை ஒன் பக்கத்துலயே வச்சுக்கோ, நீயே கோரி ஊத்திக்கோ'ங்காரு. அதுதான் ஆப்லாக்கு. ஒவ்வொரு கரண்டிக்கும் சர்வரைக் கூப்பிட வேண்டாம், மாத்துகதை ஒன்கிட்டயே வச்சுக்கிடலாம். வேற ஆளு வந்து உக்காந்தா சட்டியைத் திருப்பிக் குடுத்துரணும். இப்ப நடுவுல ஒனக்கு ஒரு போன் வருது, எழும்பி வெளிய போறே. அதாவது லைன் அறுந்தாச்சு. பழைய எஸ்எம்பியில நீ எழும்பினதும் இலையை மடக்கிருவாரு, திரும்பி வந்தா எடம் இல்ல. 2006-ல விஸ்டாவோட வந்த எஸ்எம்பி 2-ல துண்டு போட்டுட்டுப் போலாம்னு ஏற்பாடு வந்துது. டியூரபிள் ஹேண்டிலுன்னு பேரு. கொஞ்ச நேரத்துக்குள்ள வந்தா அதே இலை, அதே எடம், விட்ட எரிசேரியில இருந்து தொடங்கலாம். ஆனா நீ வெளிய நிக்கும்போது இன்னொருத்தன் வந்து அதே எடத்தைக் கேட்டா? சட்டியைத் தான்னு கேக்கதுக்கு நீ அங்க இல்ல. விசாரிக்கவரு துண்டை எடுத்துக் கொடியில போட்டுட்டு அவனை உக்கார வச்சிருவாரு. 2012-ல எஸ்எம்பி 3-ல பெர்சிஸ்டென்ட் ஹேண்டிலுன்னு இன்னும் கெட்டியா ஒண்ணு வந்துது. ஒன் பேரை நோட்டுல எழுதி வைக்கது. விசாரிக்கவரே மாறி வேற ஆளு வந்தாலும் நோட்டைப் பாத்து, 'இது ஆளுள்ள எடம், நீங்க கொஞ்சம் நில்லுங்கோ'ம்பாரு. அதுக்கு ரெண்டு சர்வரு சேந்த பெரிய ஏற்பாடு வேணும். ஒன் நாஸு பெட்டிக்கு அந்த யோகம் கெடையாது, அங்க துண்டுதான்.

என்எஃப்எஸ்காரனும் பொறவு நாலாவது பதிப்புல ஓர்மை வேணும்னு மனசு மாறிட்டான். லினக்ஸ் சர்வர்ல தொண்ணூறு விநாடிக் குத்தகை. அதுக்குள்ள 'நான் இருக்கேன்'னு ஒரு குரலு குடுக்கணும். சர்வரு செத்துப் பொழைச்சா, மொதத் தொண்ணூறு விநாடி பழைய ஆளுவ மட்டும் தன் எடத்தைச் சொல்லி உக்காரலாம், புதுசா வந்தவன் வாசல்ல நிக்கணும். பந்தி மரியாதை படிச்சவனா இருக்கணும், இல்லேன்னா இவ்வளவு முறையா வராது.

துண்டுன்னதும் ஓர்மை வருது. ஒன் அழைப்பிதழ் வேர்டு ஃபைலு அன்னைக்குத் திறக்கமாட்டேன்னு நின்னுதே, 'இன்னாரு திறந்து வச்சிருக்காரு'ன்னு ஒன் பேரையே ஒனக்குச் சொல்லிச்சு. அது மறைவா வச்ச ஒரு குட்டி ஃபைலு, பேருக்கு முன்னால டில்டேயும் டாலர் குறியும் இருக்கும். லைனு அறுந்தப்ப அதைத் தூக்கிக்கிட்டுப் போவ ஆளு இல்ல, அங்கயே கெடந்துட்டு. எல்லாக் கம்ப்யூட்டர்லயும் வேர்டை மூடிட்டு, அந்தக் குட்டியை மட்டும் அழிச்சா தீந்துது. அதுக்கும் ஐநூறு குடுத்தியாமே? சவம், எனக்கு ஒரு ரசவடை வாங்கித் தரல்ல.

இன்னும் ஒரு எடத்துல எல்லாரும் ஏமாந்துபோவாவ. காப்பி பண்ணும்போது கோடு சர்ருன்னு ஓடி முடிஞ்சுருது, நீ 'ஆச்சு'ங்கே. பலநேரம் அது ஒன் கம்ப்யூட்டருக்க மெமரி வரைக்கும்தான் போயிருக்கும், பைய பைய பொறவுதான் சர்வருக்குப் போவும். அங்க போனாலும் சர்வருக்க மெமரியிலயா, டிஸ்கிலயா? 1995-ல வந்த என்எஃப்எஸ் மூணாம் பதிப்புல இதுக்கு ஒரு நேர்த்தியான வழி வச்சான். கிளையன்ட்டு, அதாவது ஒன் கம்ப்யூட்டரு, மொதல்ல எழுத்தையெல்லாம் கொண்டு குவிக்கும், கடைசியில 'கமிட்'னு ஒரு கேள்வி, டிஸ்கில ஏறிச்சான்னு. ஒவ்வொரு பதில்லயும் சர்வரு ஒரு அடையாள எண்ணைச் சேத்துத் தரும். நடுவுல சர்வரு விழுந்து எழும்பினா அந்த எண்ணு மாறிரும். எண்ணு மாறினதைக் கண்டதும் கிளையன்ட்டு, 'அடடா, அவன் செத்துப் பொழைச்சவன், மெமரியில இருந்ததை மறந்திருப்பான்'னு உறுதி வராததை எல்லாம் திருப்பி அனுப்பும். அதுவரைக்கும் தன் கையில உள்ளதை வீசாது. எழுதினது கெட்டுப்போச்சுன்னா அந்த எர்ரரு பலநேரம் ஃபைலை மூடும்போதுதான் வந்து சேரும். மூடும்போது வருகதை எத்தனை புரோகிராமு திரும்பிப் பாக்குது? கதவைச் சாத்திட்டுப் போயிருவான், சாத்தின பொறவு உள்ள சத்தம் கேட்டா இவனுக்கு என்ன!

இதெல்லாம் லைன் வரும் வரும்னு காத்திருக்கவனுக்க கதை. லைன் வராட்டியும் வேலை நடக்கணும்னு நெனச்சவரு ஒருத்தரு உண்டு, நம்ம மெட்ராஸ் ஐஐடியில படிச்சவரு. மகாதேவ் சத்யநாராயணன். 1975-ல பி.டெக்., 1977-ல எம்.டெக்., பொறவு அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்கு, கார்னகி மெலன் யுனிவர்சிட்டி. அங்க ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டம்னு ஒண்ணு கட்டினதுல அவரும் உண்டு. அதுல ஃபைலை மொத்தமா ஒன் டிஸ்குக்கே கொண்டுவந்து வச்சுக்கிடலாம். 2016-ல ஏசிஎம்முக்க சாஃப்ட்வேர் விருது அந்த வேலைக்குக் கெடைச்சுது. 1987-ல அவரு கோடான்னு அடுத்ததைத் தொடங்கினாரு. ஃபைலு என் டிஸ்கிலயே கெடக்கும்போது சர்வரு போச்சுன்னு நான் ஏன் சும்மா இருக்கணும்ங்க கேள்விதான் அதுக்கு மூலம்.

லைன் இருக்கும்போதே வேண்டியதைச் சேத்து வச்சுக்கோ. லைன் போனா உள்ளதை வச்சு வேலையைப் பாரு, செஞ்சதை எல்லாம் ஒரு நோட்டுல வரிசையா எழுதிக்கோ. லைன் வந்ததும் அந்த வரிசையிலயே சர்வர்ல செஞ்சு காட்டு. நடுவுல வேற எவனாவது அதே ஃபைலைத் தொட்டிருந்தா, ஒண்ணை அமுக்கி ஒண்ணை வைக்காது. ரெண்டையும் காட்டி ஆளைக் கூப்பிடும், நீயே தீத்துக்கோன்னு. கிஸ்லர்னு ஒருத்தரும் சத்யநாராயணனும் சேந்து 1991-ல அதைப் பத்தி எழுதினாவ. இப்ப நீ டிராப்பாக்ஸ்ல 'கான்ஃப்ளிக்டட் காப்பி'ன்னு ரெண்டாவது ஃபைலைப் பாத்துட்டுத் திட்டுகியே, அது அந்த மரியாதைக்க பேரப்பிள்ளை. திட்டாத. ஒன் வேலையையும் கூட இருக்கவன் செஞ்ச வேலையையும் காப்பாத்தி வச்சிருக்கு அது.

நம்ம ஜில்லாக்காரனுக்கு இது நல்லாப் புரியணும். 2017 நவம்பர் கடைசியில ஓகி புயலு அடிச்சப்ப கம்பமும் ரப்பரும் வாழையும் சாஞ்சு, பல ஊருல நாள் கணக்குல கரண்டு இல்ல, போன் டவர் இல்ல. கரையில நமக்கு அது எடஞ்சலு. கடல்ல போனவுவளுக்கு அப்படி இல்ல. வயர்லெஸ் எட்டாத தூரத்துல நின்ன போட்டுவளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரல்ல, போனவுவ நெறைய பேரு திரும்பல்ல. இந்த எடத்துல பாட்டா நையாண்டி பேசமாட்டேன். அதுக்குப் பொறவு, 2019-ல ஜெமினின்னு ஒரு கருவி குடுத்தாவ, செயற்கைக்கோள் வழியா எச்சரிக்கை போட்டுக்கே வரும். ஆனா அது கேக்கதுக்கு மட்டும், திருப்பிப் பேச அதுல வழியில்ல. அனுப்பினவனுக்கு அது போய்ச் சேந்துதான்னு அந்தக் கருவி சொல்லாது. பதிலு எவ்வளவு பெரிய விசயம்னு கடக்கரையில போய்க் கேளு, டைம்அவுட்டுன்னா என்னன்னு ஒரு எஞ்சினீயரும் சொல்லாததை அங்க சொல்லுவாவ.

சாயா ஆறிப்போச்சு, நீ போனைப் பாத்துக்கிட்டு இருக்கே. கேட்டியா இல்லியா? ஆல்பத்தை நாஸ்ல வச்சே திறந்து வேலை பாக்காத. ஒன் டிஸ்கில காப்பி எடுத்து வச்சு வேலை பாரு, முடிஞ்சதும் நாஸுக்கு அனுப்பு. பில்லுக் கணக்கு வச்சிருக்கியே, அந்த டேட்டாபேஸ் ஃபைலை நாஸ்ல போட்டு நாலு மெஷினும் ஒண்ணாத் தொடுகதை இன்னைக்கே நிறுத்து. எஸ்க்யூலைட்டு எழுதினவனே தன் ஃபைலை நெட்வொர்க்கு டிரைவுல வச்சுப் பலபேரு எழுதக்கூடாதுன்னு சொல்லியிருக்கான், ஏன்னா அங்க பூட்டு பலநேரம் பேருக்குத்தான் இருக்கும். தம்பிகிட்ட சொல்லி அந்தப் பத்தை அறுநூறாக்கு, சாஃப்டை எடு. பேக்கப் எடுத்ததை மாசத்துக்கு ஒருதரமாவது திறந்து பாருங்க. எடுத்து வச்சாச்சுன்னு சும்மா இருந்தா அதுக்குப் பேரு பேக்கப் இல்ல, நம்பிக்கை.

ஒடுக்கம் ஒண்ணே ஒண்ணு. கல்யாண வீட்டுல இருந்து வந்ததும் கேமரா கார்டுல உள்ளதை நாஸுக்கு ஏத்திட்டு, அங்கயே கார்டை ஃபார்மேட் அடிக்கியே, அந்த அவசரத்தை விடு. ஏத்தின கம்ப்யூட்டர்ல இருந்தே திறந்து பாத்தா போறாது, அது தன் மெமரியில உள்ளதை எடுத்துக் காட்டி ஒன்னைச் சமாதானப்படுத்தும். வேற ஒரு கம்ப்யூட்டர்ல போய் உக்காந்து, நாஸ்ல இருந்து கடைசிப் படம் வரைக்கும் திறந்து பாரு. எண்ணிக்கை செரியா இருக்கா, கீழ்ப்பாதி சாம்பலாகாம இருக்கான்னு பாத்த பொறவு கார்டை அழி. அதுவரைக்கும் அது ஒன் சட்டைப்பையிலயே இருக்கட்டும்.